பிரசவ வார்டில் நிறம் பிரித்துப் பார்க்கும் முறை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

அக்காமார்களுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கர்ப்பிணிகளை வந்த வரிசையில் பார்க்காமல், அவசரத்தைப் பொறுத்துப் பார்க்கும் முறைக்கு மாறியிருக்கிறோம். இங்கிலாந்தில் பர்மிங்காமில் உருவானதைப் பார்த்துச் செய்தது. வந்த 15 நிமிடத்துக்குள் பி.பி., நாடி, குழந்தையின் இதயத்துடிப்பு பார்த்து, அவசரத்துக்கு ஏற்ற நிற அட்டை கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே டாக்டர், ஆரஞ்சு 15 நிமிடத்தில், மஞ்சள் 1 மணி நேரத்தில், பச்சை 4 மணி நேரத்துக்குள்.

முறை நல்லதுதான். போன வாரம் 'சும்மா தலைவலி' என்று மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு பி.பி. 160/110. பழைய வரிசை என்றால் மதியம்தான் பார்த்திருப்போம்.

சிக்கல் வராந்தாவில். "மொத பஸ்ஸுக்கே வந்தாச்சு, பிந்தி வந்தவள முன்னால கூப்பிடுதியளே" என்று பச்சை அட்டைக்காரியின் மாமியார் சண்டைக்கு வருகிறார். எப்படிச் சொன்னால் எடுபடும்? இரவில் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் பிரசவம் பார்க்கப் போய்விட்டால் அந்த 15 நிமிடக் கணக்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், பச்சையில் காத்திருப்பவர்களை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறீர்கள்? குறிப்புத் தாளைத் தமிழில் வைத்திருக்கிறவர்கள் ஒரு படம் எடுத்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.