தியானத்தின் குறுக்கே 'நான்' வந்து நின்ற அனுபவம் உண்டா? பகிருங்கள்

ஆரப்பாளையத்தான்:
காந்திகிராமம் பக்கம் பத்து நாள் விபாசனா முகாம், உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பௌத்தத் தியானம். போனவர்களுக்கு நடைமுறை தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். அதிட்டானம் (ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும் உறுதி) தொடங்கிய மறுநாள், மதியம் இரண்டரை மணி அமர்வுக்குப் போனால் என் இடத்தில் வேறொருவர். முழங்காலுக்கு அடியில் வைக்க நான் மடித்து வைத்திருந்த கட்டம்போட்ட துண்டின் மேல் அவருடைய முழங்கால். பேசக் கூடாது, சைகையும் கூடாது. தம்ம சேவகர் (முகாமில் தொண்டு செய்பவர்) வேறு இடம் காட்டினார். அந்த ஒரு மணி நேரமும் உடம்பில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை. என் இடம், என் துண்டு, அவ்வளவுதான். மனசுக்குள் அவரோடு வாய்ச்சண்டை, அவர் பதில் சொல்ல நான் மடக்க, ராத்திரி படுத்த பிறகும் ஓயவில்லை.

பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும் அவரே தேடி வந்தார். மேலூர்க்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். "இடுப்பு முடியலன்னு சொன்னேன் தம்பி, அந்த ஓரத்துல உட்கார வச்சாங்க. உங்க துண்டுதானே இது? அலசிக் காயவச்சிட்டேன்" என்று நீட்டினார். நான் சண்டை போட்ட ஆளுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த ஆளை உண்டாக்கியது யார்? இன்னும் உறுத்துகிறது.

சிம்மக்கல் மருமகள்:
எனக்கு முகாமெல்லாம் வாய்க்கவில்லை. மாமியாருக்கு மறதி நோய், வீட்டை விட்டு நகர முடியாது. விடியுமுன் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவேன். ஒருநாள் அத்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்தார். அவரிடம் அத்தை, "இது யாரு வீட்டுப் பொண்ணு? வலிக்காம சீவுது" என்றார். சீப்பு பாதியில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க விழித்ததும் துணி அலசியதும் யார் கணக்கில் சேரும் என்று தொண்டை வரை ஆத்திரம். அத்தையோ கண்ணை மூடி என் கையில் தலையைச் சாய்த்திருந்தார். சீவுகிற கை அவருக்குப் போதும். பேர் எனக்குத்தான் வேண்டியிருந்தது. சிக்கெடுத்துப் பின்னி முடித்தேன்.

ஒத்தக்கடை:
எனக்குத் தூக்கம். ஞாயிறு காலையில் கீழக்குயில்குடி மலையேறி, பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்களுக்குப் பக்கத்தில் உட்காருவேன். கண் மூடினால் தலை தொங்கிவிடும். போன தடவை ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் தோளைத் தட்டி, "படுத்துத் தூங்குப்பா, பள்ளத்துல விழுந்து வைக்காத" என்றார். தூக்கம் போய்விட்டது, கோபம் வந்துவிட்டது. தியானம் செய்கிறவனைப் பார்த்தா இப்படிச் சொல்வது?

பழங்காநத்தம்:
தம்பி, பேச்சிப்பள்ளத்தில் இருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். எந்த மலையிலும் உட்காரலாம், ஆனால் பௌத்தத்தையும் சமணத்தையும் கலக்காதீர்கள். மதுரைக்குப் பௌத்தத் தொடர்பு வேண்டுமென்றால் மணிமேகலையைப் பாருங்கள். ஆபுத்திரன் அமுதசுரபி பெற்றது இங்கே சிந்தாதேவி கோயிலில்தான்.

தூக்கத்துக்கு வருவோம். புத்தரின் முதன்மைச் சீடர் மொக்கல்லானரே தூங்கி வழிந்தவர். புத்தர் அவருக்கு வரிசையாக வழி சொன்னார்: கேட்ட தம்மத்தை (போதனையை) யோசி, வாய்விட்டு ஓது, காது மடலை இழு, கைகால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார், வெளிச்சத்தை மனதில் நிறுத்து, நட. எதற்கும் போகாவிட்டால், எழும் நினைவோடு வலப்பக்கம் சாய்ந்து படு. தாத்தா சொன்னதும் அதைத்தான்.

ஆரப்பாளையத்தாருக்கு: தியானத்தைக் கெடுக்கும் ஐந்து தடைகளில் வெறுப்பைக் கொதிக்கும் நீர் என்றார் புத்தர், அதில் முகம் தெரியாது. யார் உண்டாக்கியது என்று துருவினால் ஐயம் என்கிற இன்னொரு தடையில் போய் மாட்டுவீர்கள். விட்டுவிடுங்கள். என் கதை சின்னது. பாகப்பிரிவினையில் தம்பியோடு பேச்சு நின்றிருந்த காலத்தில் என்னால் ஐந்து நிமிஷம்கூட உட்கார முடிந்ததில்லை.

சிம்மக்கல் மருமகள்:
ஐயா, அண்ணன் கேட்டது ஐயம் இல்லை. சாரநாத்தில் ஐந்து சீடர்களிடம் புத்தரும் கேள்வியாகத்தான் கேட்டார். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்று, நாம் 'நான்' என்று நினைக்கும் ஐந்து கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மாறிக்கொண்டே இருப்பதை 'என்னுடையது, இதுவே நான்' என்று சொல்லத் தகுமா என்றார். கேட்காமல் எதை விடுவது? கோபம் தணிந்த பிறகு நிதானமாகக் கேட்கலாம், அவ்வளவுதான்.

என்னைப் போல நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே பயிற்சி செய்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள். நடுவில் கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு மறுபடி எப்படித் தொடங்குகிறீர்கள்?