நன்கொடை கேட்டு மாரத்தான் ஓடியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

நாலரை மணிக்காரன்:
பயிற்சி எப்படி இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக ஓடினேன். ஞாயிறு 28 கிலோமீட்டர். திங்கட்கிழமை அலுவலகப் படியில் பக்கவாட்டாகத்தான் இறங்க முடிந்தது. அந்தக் கோலத்தில், கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு மேசை மேசையாகப் போய் நன்கொடை கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர். நான் மனப்பாடமாக ஒப்பித்தேன்: டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நாலு மணி நேரம்... அவர் குறுக்கே பேசவில்லை. சட்டைக் கையை மடித்து முன்கையை நீட்டினார். "தொட்டுப் பாருங்க தம்பி." இரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்து நெளிந்திருந்தது. விரலை வைத்தால் உள்ளே ஒரு ரீங்காரம், பையில் கைபேசி அதிர்கிற மாதிரி. ஃபிஸ்டுலா. ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள். இரண்டு வருடமாக டயாலிசிஸுக்குப் போகிறாராம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய் உலர்ந்துபோய் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டேன். அவர் கண் பாட்டிலைவிட்டு நகரவில்லை. "ஓடுறப்ப எவ்வளவு குடிப்பீங்க?" "ரெண்டு லிட்டர் கிட்ட ஆகும் சார்." "எனக்கு நாள் முழுக்க முக்கால் லிட்டர்" என்றார். சிறுநீர் பிரியாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தேங்கி மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும் என்று நான் நீட்டிய துண்டுத்தாளிலேயே அச்சடித்திருந்தது. அந்த ஒரு வாய் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை.

ஓடாத ஓட்டக்காரி:
என் கதை சின்னது. 32 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தையும் முடித்து, தூரத்தைக் குறைக்கிற கடைசி மூன்று வாரம் தொடங்கியதும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் கீறல். ஓடவே கூடாது என்றார்கள். பணம் ஏற்கெனவே புற்றுநோய் அமைப்புக்குப் போய்விட்டது. கொடுத்த அத்தனை பேருக்கும் "திருப்பித் தர முயற்சி செய்கிறேன்" என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பதில்: "நான் என்ன உங்க காலுக்கா பணம் கொடுத்தேன்?" கோபமா, ஆறுதலா? இன்றுவரை புரியவில்லை. அவரிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

குறுக்குக்கேள்வி:
அது ஆறுதல்தான், இதில் என்ன சந்தேகம்? டெரி ஃபாக்ஸ் தெரியும்தானே. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12ஆம் தேதி புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட, செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காகக் கடக்கக் கிளம்பி, தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான் தூரம் ஓடினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நிறுத்தினார். அதற்காக யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்டார்களா?

நாலரை மணிக்காரனிடம் ஒரு கேள்வி. தண்ணீர் குடித்ததில் என்ன குற்றம்? வீட்டுக்குப் போனால் அவர் எதிரே யாரும் குடிக்கமாட்டார்களா? எனக்கு உறுத்துவது வேறு. அறக்கட்டளை மூலமாக ஓட்டத்தில் இடம் வாங்கினேன், இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து. பாதிகூடச் சேரவில்லை. கடைசி இரவு என் பெயரை மறைத்து, நானே எனக்கு நன்கொடை போட்டேன். எட்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் "வாழ்த்துகள், கலக்குங்க!" என்று நானே எழுதினேன்.

பழைய ஷூ:
தம்பி, தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓட்டக்காரனுக்கும் தண்ணீர் அதிகமானால் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, வாந்தி, குழப்பம், சில சமயம் வலிப்பு. மெதுவாக ஓடி, தண்ணீர் மேசையைக் கண்டால் எல்லாம் நின்று குடிப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும். ஓட்டம் முடிந்து எடை ஏறியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் அந்தத் தங்கைக்கு: திரும்ப ஆரம்பிக்கும்போது தூரத்தைத் திடீரென்று கூட்டாதீர்கள். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழக நாளாகும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் ஈயமாகக் கனப்பதும் மன உறுதி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோவதுதான். அதனால் வழியிலேயே மணிக்கு முப்பதிலிருந்து அறுபது கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். புது ஷூவைப் போட்டி அன்றைக்குப் போடாதீர்கள். புதுச் சட்டையும்தான்.

சட்டை என்றதும் என் கதை. இரத்தப் புற்றுநோய்க்காக ஓடினேன். அமைப்பு கொடுத்த புத்தம் புது வெள்ளைச் சட்டை, அது உரசாமல் இருக்க மார்பில் வாஸ்லின் பூச மறந்துவிட்டேன். 35ஆவது கிலோமீட்டரில் மார்பில் இரண்டு சிவப்புக் கோடு வயிறு வரை வழிந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. ஓரத்தில் நின்ற ஒரு குழந்தை அம்மாவிடம் கேட்டது: "அந்த மாமா இப்பவே ரத்தம் குடுக்கறாங்களா?"

ஓடாத ஓட்டக்காரி:
பழைய ஷூ ஐயா, நான் தூரத்தைத் திடீரென்று கூட்டவில்லை. அட்டவணைப்படிதான் போனேன். ஆனாலும் அந்தக் குழந்தைக்காக உங்களை மன்னிக்கிறேன்.

குறுக்குக்கேள்வி:
நாலரை மணிக்காரனே, அந்தப் பெரியவர் பணம் கொடுத்தாரா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே. பெயரில் இருக்கிற நாலரையாவது உண்மையா?

நாலரை மணிக்காரன்:
கொடுத்தார். பெயர் போடவேண்டாம் என்றார். நாலரை என் ஆசை மட்டும்தான். முடித்தது நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில். அன்று மாலை பதக்கத்தோடு படம் எடுத்து நேரத்தையும் சேர்த்து அவருக்கு அனுப்பினேன். அவர் அப்போது டயாலிசிஸ் நாற்காலியில் இருந்திருக்கிறார். பதில் வந்தது: "நான் இன்னும் பத்து நிமிஷத்துல முடிச்சிருவேன். உங்களைவிட ஐம்பத்திரண்டு நிமிஷம் முன்னாடி."