மிசிசிப்பியில் எந்த வழி நல்லது? அப்பா அம்மாவுடன் போக வேண்டும், உதவுங்கள்

மேப்பிள் நிழல்:
வணக்கம். கொஞ்சம் அவசரம். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய ஆற்றில் படகில் போக வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. பயண முகவர் ஒருவர் மெம்ஃபிஸில் ஏறி நியூ ஆர்லியன்ஸில் இறங்குங்கள் என்கிறார். நாளை மாலைக்குள் முன்பணம் கட்டினால்தான் தள்ளுபடியாம். காட்சி நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எடுக்கலாமா?

வெள்ளிக்கெண்டை:
எந்த மாதம்? எத்தனை நாள்? அப்பா எவ்வளவு தூரம் நடப்பார்? சைவமா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கரையோரம்62:
இதே கேள்விக்கு எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டேன். வரைபடத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் பணம் கட்டக் கிளம்புகிறீர்கள். பொறுமையாகப் படியுங்கள். மெம்ஃபிஸுக்குக் கீழே பெரும்பாலான தூரம் ஆறு உயரமான மண்கரைகளுக்கு நடுவே ஓடுகிறது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு அரசு அவற்றை இன்னும் பலமாகக் கட்டியது. படகின் மேல்தளத்தில் நின்றாலும் மரங்கள், மணல்திட்டு, பார்ஜ் எனும் தட்டையான சரக்குப் படகுகள்தான் கண்ணில் படும். விக்ஸ்பர்க், நாட்செஸ் இரண்டும் மேட்டில் இருப்பதால் தப்பித்தன. பேட்டன் ரூஜ் தாண்டினால் வரிசையாக எண்ணெய், ரசாயன ஆலைகள். வரலாறு வேண்டுமென்றால் அது அருமையான வழி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் விக்ஸ்பர்க்கைத் தளபதி கிராண்டின் படை 47 நாள் முற்றுகையிட்ட இடத்தை நின்று பார்க்கலாம். நீங்கள் கேட்டது காட்சி. அதற்கு இது விடையே அல்ல.

லா க்ராஸ் வாசி:
கரையோரம் ஐயா சொல்வது சரிதான், ஆனால் கேட்டவரை அதட்ட வேண்டாமே. நான் இந்த ஆற்றங்கரையில்தான் குடியிருக்கிறேன். வடக்கே செயின்ட் பாலில் ஏறி செயின்ட் லூயிஸ் வரை வாருங்கள். மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா மூன்றும் ஆற்றோடு சேரும் இந்தப் பகுதியைப் பனியாறுகள் மழித்துச் செல்லவில்லை. அதனால்தான் சுற்றுவட்டாரமெல்லாம் தட்டையாகக் கிடக்க, இங்கே மட்டும் இரு கரையிலும் ஐந்நூறு அடி உயரத்துக்குச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் நிற்கின்றன. நடுவில் பெப்பின் ஏரி. சிப்பெவா ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலே அணைபோல் மறித்து, மிசிசிப்பியை 20 மைலுக்கு மேல் ஏரியாக விரித்துவிட்டது. காலையில் மூடுபனி விலகும்போது அந்த ஏரியைப் பார்க்க வேண்டும். எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

அக்டோபர் முதல் பாதியில் வந்தால் குன்றெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். 1924இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் காப்பாற்றிய சரணாலயம் இங்கேதான் 261 மைல் நீளத்துக்கு இருக்கிறது.

பிட்ஸ்பர்க் மாடி:
ஓஹாயோவை ஏன் யாரும் நினைப்பதே இல்லை? பிட்ஸ்பர்க்கில் இரண்டு ஆறுகள் சேருமிடத்தில் தொடங்கி, மிசிசிப்பியோடு சேரும் இல்லினாய்ஸின் கெய்ரோ வரை 981 மைல். மாரியட்டா, மாடிசன் போன்ற பழைய ஊர்கள், சின்சினாட்டியில் பொறியாளர் ரோப்ளிங் கட்டிய தொங்குபாலம். புரூக்ளின் பாலத்துக்கு முன்பே அவர் கட்டியது அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெய்ரோவில் இரண்டும் சேரும்போது ஓஹாயோதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. நியாயப்படி மிசிசிப்பிதான் அதன் கிளை.

கரையோரம்62:
தண்ணீர் அளவை வைத்து ஆற்றுக்குப் பெயர் வைப்பதில்லை. நீளம்தான் கணக்கு என்றால் மிசௌரி இரண்டையும் தள்ளிவிடும். இது பள்ளிப் பாடம்.

பிட்ஸ்பர்க் மாடி:
அப்படியென்றால் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், மிசிசிப்பி என்பது வெறும் வழக்கத்தால் வந்த பெயர். தண்ணீர்தானே ஆறு?

வெள்ளிக்கெண்டை:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். கேட்டவர் நாளைக்குப் பணம் கட்ட வேண்டும்.

தண்டவாளம்:
மூத்தவர்களுக்கு ரயில்தான் வசதி. ஆம்ட்ராக்கின் பொரியாலிஸ் 2024 மே மாதத்திலிருந்து சிகாகோவுக்கும் செயின்ட் பாலுக்கும் இடையே ஓடுகிறது. செயின்ட் பாலுக்கும் லா க்ராஸுக்கும் நடுவே ஆற்றை ஒட்டியே போகும். ஒரு பகலில் முடிந்துவிடும், செலவும் குறைவு.

மேப்பிள் நிழல்:
நன்றி. செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். அப்பாவுக்கு முழங்கால் வலி. சைவம். ரயில் வேண்டாம், படகுதான் அவருக்கு ஆசை.

லா க்ராஸ் வாசி:
அப்படியென்றால் மேல் மிசிசிப்பியேதான். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. 2022, 2023 இரண்டு ஆண்டும் இலையுதிர் காலத்தில் மெம்ஃபிஸ் பக்கம் தண்ணீர் மிகவும் இறங்கிப்போய்ப் படகுப் பயணங்கள் தடுமாறின. செயின்ட் லூயிஸுக்குக் கீழே அணைகள் கிடையாது, மழை இல்லையென்றால் ஆறு அப்படியே வற்றும். மேலே அணைகள் தண்ணீரைத் தேக்கி, 9 அடி ஆழக் கால்வாயைக் காக்கின்றன. மேலே பயப்பட வேண்டியது வசந்தகால வெள்ளம்தான், உங்கள் மாதத்துக்கு அது பொருந்தாது.

செயின்ட் பாலிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 26 லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகளை, தாண்டுவீர்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள், படகு மெல்லக் கீழே இறங்கும், அப்புறம் முன்கதவு திறக்கும். கீயோகக்கில் மட்டும் சுமார் 38 அடி இறக்கம். முன்னால் 15 பார்ஜ் கட்டிய இழுவைப் படகு நின்றால் காத்திருக்க வேண்டும். மற்ற லாக்குகள் பெரும்பாலும் 600 அடி நீளம்தான், அந்தப் பார்ஜ் வரிசையை இரண்டாகப் பிரித்துத்தான் அனுப்புவார்கள்.

முழங்காலுக்கு இரண்டு விஷயம் கேளுங்கள். படகில் லிஃப்ட் எல்லாத் தளங்களுக்கும் போகிறதா? ஊர்களில் இறங்கும் பலகை எவ்வளவு சரிவு? தண்ணீர் குறைந்தால் சரிவு அதிகமாகும். தண்ணீர் நிலையால் பயணம் ரத்தானால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாளைக்குள் கட்டு என்று அவசரப்படுத்துகிறவரிடம் நான் கட்ட மாட்டேன்.

கரையோரம்62:
முகவர் பற்றி நானும் அதையேதான் சொல்ல இருந்தேன். சைவம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு சொல்லாதீர்கள்.

மேப்பிள் நிழல்:
மன்னிக்கவும், ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். அந்த முகவரிடம் பணம் கட்டவில்லை. செயின்ட் பால் – செயின்ட் லூயிஸ் போய் வந்தோம். பெப்பின் ஏரியில் மழை, ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வெயில். கீயோகக் லாக்கில் அப்பா நாற்காலி வேண்டாம் என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தார். எல்லோருக்கும் நன்றி.

வெள்ளிக்கெண்டை:
மகிழ்ச்சி. எந்த வாரம் போனீர்கள்? இலை நிறம் மாறியிருந்ததா? அடுத்த ஆண்டு என் மாமியாரை அழைத்துப்போக வேண்டும்.