கர்ணன் போர்க் கூத்தில் வரும் 'ஆவியோ நிலையில்' விருத்தம் யார் எழுதியது?

படுவான்கரைப் பேரன்:

வணக்கம். எங்கள் ஊர் மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பப்பா வடமோடிக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவர் 'கர்ணன் போர்' பழக்கிய கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. மூல ஏடு 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டோடு போய்விட்டது. அதற்கு முன்னமே பார்த்தெழுதி, தங்கச்சி வீட்டில் கொடுத்து வைத்ததால் கொப்பி மட்டும் மிஞ்சியது.

ஊரில் இந்தக் கூத்தைத் திரும்ப எடுக்கிறோம். சட்டம் கொடுத்து, ஆளுக்கு ஆள் பாட்டைப் பிரித்தாயிற்று, பிள்ளைகள் தாளக்கட்டு மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு மலர் அச்சடித்து, பாட்டு முழுவதையும் அதில் போடப்போகிறோம். 'இயற்றியவர்' என்ற இடத்தில் அப்பப்பாவின் பெயர்தான் வரவேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். தம்பியோ, இந்தக் கட்டம் 'கர்ணன்' படத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பிறகு சேர்த்திருப்பார்கள் என்கிறான்.

கட்டம் இதுதான். கர்ணன் அடிபட்டுக் கிடக்கிறான். கண்ணன் ஐயர் வேடத்தில் வந்து, செய்த புண்ணியம் எல்லாவற்றையும் தானமாகக் கேட்கிறார். கர்ணன் பாடுகிறான். கொப்பியில் உள்ளபடி தருகிறேன்:

ஆவியோ நிலையில் கலங்கியது யாக்கை
அகத்ததோ புறத்ததோ அறியேன்
பாவியேன் வேண்டும் பொருளெலாம் நயக்கும்
பக்குவம் தன்னில் வந்திலையால்
ஓய்விலாது யான்செய் புண்ணியம் அனைத்தும்
உதவினேன் கொள்கநீ உனக்குப்
பூவில்வாழ் அயனும் நிகரலன் என்றால்
புண்ணியம் இதனினும் பெரிதோ

இதற்கு அடுத்து உடனே தரு, அதாவது தாளத்தோடு பாடும் பாட்டு:

தேரடியில் வீழ்ந்து கிடக்கேன் ஐயரே – நான்
தேடிவைத்த புண்ணியமும் தாறேனே

சின்ன வயதில் கூத்து ஆடும் களரி ஓரத்தில் பாயில் படுத்துத் தூங்கிவிடுவேன். இந்த விருத்தத்துக்கு மட்டும் அம்மா தட்டி எழுப்புவார். அப்போது விடியப்போகிற நேரம், பனி விழுந்து பாய் ஈரமாக இருக்கும். அப்பப்பா இதைப் பாடும்போது சல்லரித் தாளம் போடுகிறவர் சல்லரியை மடியில் வைத்துவிடுவார். அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

இது அப்பப்பா எழுதியதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிழையான பெயரை அச்சில் ஏற்ற எனக்கு மனமில்லை.

கல்முனை ரீச்சர்:

தம்பி, விருத்தம் வில்லிபுத்தூராருடையது. வில்லிபாரதம், கன்ன பருவம், பதினேழாம் போர்ச் சருக்கம். ஏறக்குறைய 600 வருடத்துப் பாட்டு. கண்ணன் வேதியனாக வந்து புண்ணியத்தைக் கேட்கிற இந்தக் கட்டமே வியாசரிடம் கிடையாது, தமிழில் வில்லியிடம் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். படத்துக்குப் பல நூற்றாண்டு முன்னமே கர்ணன் தமிழில் இப்படித்தான் செத்தான்.

உங்கள் கொப்பியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. எதுகையைப் பாருங்கள்: ஆவியோ, பாவியேன், பூவில். மூன்றிலும் இரண்டாம் எழுத்து 'வி'. உங்கள் மூன்றாம் அடி மட்டும் 'ஓய்விலாது' என்று தொடங்கி எதுகையை முறிக்கிறது. வில்லி எழுதியது 'ஓவிலாது'. ஓவு என்றால் ஒழிவு, ஓய்வு. இந்தச் சொல் ஊரில் புழக்கத்தில் இல்லை. கேட்டுப் பாடமாக்கியவர்கள் தங்களுக்கு விளங்கும் சொல்லை வைத்துக்கொண்டார்கள். பொருள் கெடவில்லை, ஓசைதான் கொஞ்சம் இடறுகிறது.

ஆனால் தரு வில்லியுடையது அல்ல. 'கிடக்கேன்', 'தாறேன்' எல்லாம் நம்முடைய வாய்ச்சொல். அது உங்கள் அப்பப்பாவாக இருக்கலாம், அவருக்கு முந்திய அண்ணாவியாராகவும் இருக்கலாம். மலரில் 'ஓவிலாது' என்று திருத்தி, கீழே வில்லியின் பெயரைப் போடுங்கள். தருவில் ஒரு எழுத்தையும் தொடாதீர்கள்.

மத்தளக்காரன்:

ரீச்சர் சொன்னது சரி. நான் அம்பாறைப் பக்கம், முப்பது வருடமாகக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிறேன். வில்லிபாரதம் எப்படிக் கொப்பிக்குள் வந்தது என்று பேரன் யோசிக்கலாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு, பாரதம் படிப்பு, வனவாசம் போவது, கடைசியில் தீமிதிப்பு. அப்படி வருடா வருடம் பாரதம் கேட்கிற ஊர்களில், எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவிக்கும் கர்ணன் பாட்டு பாடம். அண்ணாவிமார் அங்கே கேட்டதைத்தான் இங்கே களரியில் போட்டார்கள்.

இன்னொன்று. போர்க்கட்டம் முழுவதும் ஆட்டம்தான். கர்ணனுக்கு ஆடுகிறவனுக்கு அந்நேரம் மூச்சு வாங்கும், உடுப்பும் பாரம். விருத்தத்துக்குத் தாளம் இல்லை, அவன் நின்று இழுத்துப் பாடலாம். நாங்களும் கையை எடுத்துவிடுவோம். பிறகு தருவில் தாளம் பிடிக்கும்போது சனம் அழும். இந்த இடத்தில் விருத்தம் வரவேண்டும் என்று பிடித்தது அண்ணாவியாரின் கெட்டித்தனம். 'இயற்றியவர்' என்று போடாவிட்டாலும் அதற்கு அவர் பெயர் வரத்தான் வேண்டும்.

படக் கதையும் சரிவராது. படம் 1964. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' மேடையேற்றியது 1962. அதுவே ஊரில் விடிய விடிய ஆடியதைச் சுருக்கித்தான்.

படுவான்கரைப் பேரன்:

ரீச்சருக்கும் மத்தளக்கார அண்ணனுக்கும் பெரிய நன்றி. வாசித்துவிட்டுக் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். ஓரத்தில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'பா' என்று சின்னதாக எழுதியிருக்கிறது. 'பாட்டு' என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இப்போது எண்ணிப் பார்த்தேன். பதினாறு இடம், பதினாறும் விருத்தம். தரு ஒன்றுக்குப் பக்கத்திலும் அது இல்லை. 'பா' என்றால் பாரதம். எது தன்னுடையது இல்லை என்று அப்பப்பா தானே குறித்து வைத்திருக்கிறார்.

பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப தருவுக்கு மட்டும் அப்பாட பேரைப் போடு மனே" என்றார்.

ஒரு விஷயம் பாக்கி. 'பா' இல்லாத விருத்தம் மூன்று இருக்கிறது. ஒன்றில் பேனா மை ஊறி இரண்டு அடி சரியாகத் தெரியவில்லை. நாளைக்கு வெயிலில் பிடித்துப் பார்த்துத் தட்டச்சு செய்து போடுகிறேன் ரீச்சர். வில்லியில் இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.