புறநகரில் குழந்தைகளுக்கு ஏற்ற விளையாட்டுத்திடலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நகரின் நடுப்பகுதியிலிருந்து புறநகர்க் குடியிருப்பு ஒன்றுக்கு அண்மையில் குடிவந்திருக்கிறோம். மூத்தவளுக்கு ஏழு வயது. இளையவனுக்கு இரண்டு வயது இப்போதுதான் நிறைந்தது. தெருவில் வாகனங்கள் விரைந்து செல்வதால் வாசலில் விளையாட விட முடியவில்லை. கைப்பேசி வரைபடத்தில் ‘பூங்கா’ என்று தேடினால் பச்சை நிறத்தில் பல இடங்கள் தெரிகின்றன. நேரில் போனால் ஒன்று வெறும் புல்வெளியாக இருக்கிறது, இன்னொன்றில் நடைபாதையும் இருக்கைகளும் மட்டுமே உள்ளன. ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள திடல் ஒன்று கிடைத்தது. ஆனால் அங்குள்ளவை எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கானவை என்பதால், அக்காள் விளையாடி முடிக்கும்வரை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. இருவருக்கும் பொருந்தும் இடத்தை எப்படித் தேடுவது, போய்ப் பார்க்கும்போது எவற்றைக் கவனிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். பூங்கா வேறு, விளையாட்டுத்திடல் வேறு என்பதைப் பல வரைபடங்கள் பிரித்துக் காட்டுவதில்லை. அதனால்தான் தங்களுக்கு இந்த அலைச்சல். தன்னார்வலர்கள் கூடி உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் விளையாட்டுத்திடலுக்கென்று தனிக் குறியீடு உண்டு. சில இடங்களில் ஊஞ்சல், மணற்குழி ஆகியவற்றைக்கூடத் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். அதில் கிடைக்காவிட்டால், செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புல்வெளிக்கு நடுவே மணல் நிறத்திலோ பளிச்சென்ற வண்ணத்திலோ ஒரு திட்டு தெரிந்தால், அது பெரும்பாலும் விளையாட்டுக் கருவிகள் நிற்கும் இடமாகவே இருக்கும். மரநிழல் எந்தப் பக்கம் விழுகிறது, பெருஞ்சாலை எவ்வளவு அருகில் போகிறது என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளது, பள்ளி வாசலில் காத்திருக்கும் மற்ற பெற்றோரிடம் கேட்பதுதான். ‘எங்கே நல்ல திடல் இருக்கிறது?’ என்று கேட்காமல், ‘இரண்டு வயதுப் பிள்ளையை எங்கே அழைத்துப் போகிறீர்கள்?’ என்று கேளுங்கள். வரும் விடை திட்டவட்டமாக இருக்கும்.

மறுமொழி 2

இடத்தைக் கண்டுபிடித்தபின் கருவிகளைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். திடலில் நேரும் கடுமையான காயங்களில் பெரும்பகுதி கீழே விழுவதால் ஏற்படுபவை. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறார்கள் என்பதோடு எதன்மேல் விழுகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் காயத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, 9 அங்குல ஆழத்திற்கு மரச்சில்லு பரப்பியிருந்தால் 10 அடி உயரம்வரை விழுவதைத் தாங்கும் என்றும், அதே ஆழத்தில் மணல் 4 அடி உயரத்திற்கே பயன்படும் என்றும் கூறுகிறது. புல்தரை பார்வைக்கு மென்மையாக இருந்தாலும், மிதிபட்டு இறுகிவிடுவதால் அக்கையேடு அதைப் பாதுகாப்பான தரையாகக் கருதுவதில்லை. சிமெண்டுத் தரையின்மேல் ஏணியோ சறுக்குமரமோ நின்றால், வேறு எதையும் பார்க்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் குனிந்து பாருங்கள். பிள்ளைகள் காலைத் தேய்த்துத் தேய்த்து அங்கேதான் மணலும் மரச்சில்லும் விலகி, கிண்ணம்போல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அடியிலுள்ள கெட்டி மண்ணோ கல்லோ வெளியே தெரியும். அந்தப் பள்ளத்தை யாரேனும் அவ்வப்போது நிரவிவிடுகிறார்களா என்பதை வைத்தே அந்தத் திடலின் பராமரிப்பை எடைபோட்டுவிடலாம். ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி தேய்ந்து வாய் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்து 3.5 அங்குலத்திற்கு மேலும் 9 அங்குலத்திற்குக் கீழும் இருப்பது ஆபத்தானது: உடல் நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். இது தங்கள் இளையவனின் வயதுக்கு மிகவும் முக்கியம்.

வயது வேறுபாட்டைப் பொறுத்தவரை, இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு பகுதியும், ஐந்து முதல் பன்னிரண்டு வரை இன்னொரு பகுதியும் தனித்தனியாக அமைந்து, ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி இரண்டையும் பார்க்க முடிகிற திடலைத் தேடுங்கள். இரண்டு பகுதிகளும் இருந்தும் நடுவே அடர்ந்த புதர் நின்றால், தனியாக வரும் ஒருவருக்கு அது உதவாது.

மறுமொழி 3

மேலே கூறப்பட்டவை அனைத்தும் தேவையானவை. ஆனால் அவற்றோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். எல்லாவிதத்திலும் பாதுகாப்பாக இருந்து, பிள்ளைகள் சிறிது நேரத்திலேயே சலித்துப்போய் வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கும் திடல்களும் உண்டு. 1943இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப் என்ற இடத்தில் சோரன்சன் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர், ஊஞ்சல், சறுக்குமரங்களுக்குப் பதிலாகப் பழைய பலகைகளையும் கட்டடக் கழிவுகளையும் கொடுத்து, பிள்ளைகளே கட்டியும் பிரித்தும் விளையாடும் திடலை உருவாக்கினார். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் 1947 முதல் முப்பதாண்டுகளில், காலியாகக் கிடந்த சிறு சிறு மனைகளில் நூற்றுக்கணக்கான திடல்களை அமைத்தார். மணற்குழியும் எளிய வளைவுக் கம்பிகளுமே அவற்றில் முதன்மையானவை. இன்ன விதமாகத்தான் விளையாட வேண்டும் என்று கட்டளையிடாத பொருளே பிள்ளைகளை நெடுநேரம் பிடித்து வைக்கிறது.

ஆகவே மணலும் தண்ணீரும், ஏறத் தக்க தாழ்ந்த கிளையும், உருண்டு விளையாட ஒரு மேடும் உள்ள இடம் கிடைத்தால், வண்ணக் கருவிகள் குறைவாக இருக்கிறதே என்று தள்ளிவிடாதீர்கள். இரண்டு வயதும் ஏழு வயதும் சேர்ந்து விளையாடக்கூடிய இடம் மணற்குழிதான். ஒருவன் அள்ளிக் கொட்டுவான், ஒருத்தி கோட்டை கட்டுவாள்; அவள் கட்டியதை அவன் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே தங்கள் வேலை.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணற்குழியைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இன்னும் ஒரு சந்தேகம்: சறுக்குமரத்தில் இளையவனை என் மடியில் வைத்துக்கொண்டு சறுக்கலாமா? தனியாக விட அச்சமாக இருக்கிறது.

மறுமொழி 2

மடியில் வைத்துச் சறுக்க வேண்டாம். பாதுகாப்பு என்று கருதி நிறைய பெற்றோர் இதைச் செய்கிறார்கள். ஆனால் குழந்தையின் காலணி சறுக்குமரத்தின் விளிம்பிலோ தளத்திலோ உரசி நின்றுவிட, பெரியவரின் உடல் எடை பின்னாலிருந்து தள்ளுவதால் கீழ்க்கால் எலும்பு முறிவது மருத்துவர்கள் நன்கறிந்த காயம். தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் உரசினால், அதன் சிறு எடைக்கு அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அவனால் தானாக ஏறி உட்காரக்கூடிய தாழ்ந்த சறுக்குமரமாகப் பார்த்து, தாங்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும். வெயில் நேரமாக இருந்தால் ஏற்றுவதற்கு முன் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலோகம் மட்டுமல்ல, கருநிற ரப்பர்த் தரையும் பிளாஸ்டிக்கும்கூடச் சிறு குழந்தையின் தோலைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். கழுத்தில் சுற்றிய துணியையும், சட்டையில் தொங்கும் நாடாவையும், மிதிவண்டித் தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டு விளையாட விடுங்கள்.