மறு: தூரிகைப் பராமரிப்புக் கையேடு – 'ஃபெரூல்' தமிழில்?

> 'உலோக இணைப்புக் குழல்' என்று போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் உண்டா?

வணக்கம்.

புதிதாக ஆக்கவே வேண்டாம், 'பூண்' இருக்கிறதே. உலக்கைக்கும் கைத்தடிக்கும் மாட்டுகிறோமே, அதேதான். தூரிகையில் அது மயிரையும் கைப்பிடியையும் ஒன்றாகக் கவ்விப் பிடிக்கிறது. 'இணைப்புக் குழல்' என்றால் தண்ணீர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். அதோடு இந்தக் கையேட்டில் இது அடிக்கடி வரப்போகிற சொல்: "பூண் வரை வண்ணத்தில் முக்காதீர்கள்", "பூண் மூழ்கும்படி ஊறப்போடாதீர்கள், கைப்பிடி மரம் ஊதிப் பூண் ஆட்டம் காணும்". மூன்று சொல் தொடரை வைத்து இதை எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

எனக்கு உறுத்துவது, ஆங்கில 'ஹீல்' என்பதற்கு நீங்கள் போட்டிருக்கும் 'குதிகால்'. மயிர் பூணுக்குள் நுழையும் இடத்தைச் சொல்கிறீர்கள் என்பது ஆங்கிலம் தெரிந்தவருக்குத்தான் புரியும். தூரிகை கெடுவதே அங்கேதான். நுனி பளிச்சென்று இருக்கும். அடியில் தங்கிய வண்ணம் காய்ந்து இறுகி மயிரைப் பக்கவாட்டில் தள்ளும். அப்புறம் நுனி குவியவே குவியாது, விரிந்தே நிற்கும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு மசியாது. அதனால்தான் சோப்பைத் தடவி, பூணோரம் விரலால் பிதுக்கி, நுரையில் நிறம் வருவது நிற்கும் வரை கழுவச் சொல்கிறோம். அந்த இடத்துக்கு 'மயிரடி' போதும். 'மயிர்க்கால்' வேண்டாம், அது மருத்துவத்தில் புழங்குகிறது.

'வெந்நீர் கூடாது' என்ற வரியில் காரணத்தையும் சேருங்கள்: பூணுக்குள் இருக்கும் பசை இளகி மயிர் உதிரும்.

---

> பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேட்டில் 'மயிர்' என்று அச்சடிக்கலாமா? 'இழை' என்றால் என்ன?

'இழை' நைலானுக்குச் சரி. அணில், பன்றி மயிருக்கு ஒட்டாது. இரண்டையும் பிரித்துச் சொல்லவும் வேண்டியிருக்கிறது: விலங்கு மயிரைப் பூச்சி அரிக்கும், நைலானுக்கு அந்தக் கவலை இல்லை. கூச்சமாக இருந்தால் 'முடி' என்று மாற்றுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 'முடியடி' காதுக்கு இசையவில்லை. தூரிகையின் தலைப்பகுதி முழுவதற்கும் 'குச்சம்' என்று வைத்தால் எந்தத் தூரிகைக்கும் பொருந்தும். 'குச்சத்தின் அடி' என்று எழுதிக்கொள்ளலாம்.

சொல்லை விட அவசரமானது ஒன்று. 'உலர்த்துதல்' பகுதிப் படத்தில் ஈரத் தூரிகை குவளையில் குச்சம் மேலே பார்க்க நிற்கிறது. தண்ணீர் நேரே பூணுக்குள் இறங்கும். படுக்கவைத்த மாதிரி வேறு படம் போடுங்கள்.