அன்றில் என்பது அரிவாள் மூக்கன்தானா?

பனங்காட்டான் எழுதியது:

நேற்று மாலை எங்கள் ஊரில் உழுது போட்ட வயலில் கறுப்பு அரிவாள் மூக்கன் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. நான் அசையாமல் வரப்பில் உட்கார்ந்திருந்ததால் மிக அருகே வந்துவிட்டன. அலகை அடிவரை மண்ணுக்குள் விட்டுத் துழாவி, ஒரு வெள்ளைப் புழுவை வெளியே இழுத்துத் தலையை அண்ணாந்து விழுங்கியது ஒன்று. அப்போதுதான் பார்த்தேன். உச்சந்தலையிலிருந்து பிடரி வரை இறகே இல்லை, சிறு சிறு பருக்களாக மிளகாய்ப்பழச் சிவப்பு. சாய்ந்த வெயில் பட்டதும் அது கனன்றது.

வீட்டுக்கு வந்து குறுந்தொகை 160ஆம் பாட்டைப் பிரித்தேன். நெருப்பைப் போன்ற செந்தலை, இறாலைப் போல வளைந்த வாய். எனக்குச் சந்தேகம் தீர்ந்தது, இதுதான் அன்றில். மறுப்பவர்கள் வரலாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வந்துவிட்டேன். சங்கப் புலவர்கள் பறவைக் கையேடு எழுதவில்லை ஐயா. இணை பிரிந்தால் உயிர் விடும் பறவையை எந்த வயலில் பார்த்தீர்கள்? அன்றில் என்பது பிரிவின் வலிக்குச் சூட்டிய பெயர். அதற்குப் பின்னால் உண்மைப் பறவை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றால், வால்மீகி கண்ட கிரவுஞ்சம்தான், அதாவது சாரஸ் பெருங்கொக்கு. அதற்கும் தலை சிவப்பு, எக்காளம் போன்ற குரல், நெடுநாள் பிரியாத இணை. புழு தின்னிக்கு இந்தப் பெருமை எல்லாம் எதற்கு?

குளத்தங்கரை எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, குறிஞ்சிப்பாட்டை நீங்கள் எனக்குப் பாடம் சொல்லித் தரக்கூடியவர். அதில் அன்றில் எங்கே இருந்து கூவுகிறது? ஓங்கிய பனையின் உள்மடலில். சாரஸ் மரத்தில் அடைவதே இல்லை. கிளையைப் பற்றிப்பிடிக்கும்படி அதன் பின்விரல் அமையவில்லை. சதுப்பிலும் நெல்வயலிலும் தரையில்தான் கூடு. ஆள் உயரக் கொக்கு பனை மடலில் ஏறி உட்கார்ந்தால் முதலில் மடல்தான் கூவும்.

அலகையும் பாருங்கள். சாரஸுக்கு நேர் அலகு. இரண்டு பாட்டிலும் 'கொடுவாய்', அதாவது வளைந்த வாய்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பனையை மறந்துவிட்டேன். சாரஸைத் திரும்பப் பெறுகிறேன், ஆனால் அரிவாள் மூக்கனை ஏற்கவில்லை. குறுந்தொகைப் பாட்டில் செந்தலை அன்றிலுக்கு, கொடுவாய் அதன் பெடைக்கு. உங்கள் பறவையில் ஆணும் பெண்ணும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருக்குமே? அலகு கோத்து உறங்குவதும், துணை இறந்தால் கூவிக் கூவி உயிர் விடுவதும் என்னவாயின?

குளத்தங்கரை எழுதியது:

தலையை ஒன்றுக்கும் வாயை மற்றதற்கும் பகிர்ந்து சொல்வது செய்யுள் வழக்கம். பெடையின் தலை சிவப்பில்லை என்று பாட்டு சொல்லவில்லையே.

அலகு கோத்து உறங்கும் கதை நாம் பேசும் இரண்டு பாட்டிலும் இல்லை. குறுந்தொகை 57இல் ஒரு பறவை வருகிறது. இணைக்கு நடுவே ஒரு பூ வந்தால்கூட அதற்கு ஓராண்டு கழிந்தது போலத் தோன்றுமாம். ஆனால் அது நீரில் உறையும் மகன்றில், அன்றில் அல்ல. ஒன்று நீரில், மற்றொன்று பனையில். பெயர் ஒலிப்பில் பாதி ஒத்துப்போவதால் இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு. கதையை மகன்றிலின் வாரிசான திரைப்பாட்டுக்கு விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பாருங்கள்.

யாழ்வாசி எழுதியது:

ஓர் இடைஞ்சல். எங்கள் பக்கம் பனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் பனங்காட்டான் சொல்லும் சிவப்புத் தலைக்காரன் இலங்கையில் இல்லை. நாங்கள் நித்தமும் பார்ப்பது வெள்ளை அரிவாள் மூக்கன். உடம்பெல்லாம் வெள்ளை, தலையும் கழுத்தும் இறகில்லாத கறுப்பு, குரல் அநேகமாகக் கேட்பதே இல்லை. இது அன்றில் என்றால் புலவருக்குக் கண்ணும் காதும் சேர்ந்து பழுது.

பனங்காட்டான் எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன். வேடந்தாங்கலில் கூட்டமாகக் கூடு கட்டுவது நீங்கள் சொல்லும் வெள்ளைக்காரர். கறுப்பு அரிவாள் மூக்கன் பெரும்பாலும் தனித்த சோடி, ஏரியைவிடக் காய்ந்த நிலத்தில்தான் அதிகம் மேயும், பனை உச்சியிலும் கூடு வைக்கும். இப்போது மின்கோபுரத்தையும் விடுவதில்லை.

நைல்நதிக்கரை எழுதியது:

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. எகிப்தில் எழுத்துக்கும் அறிவுக்கும் உரிய தோத் கடவுளுக்கு அரிவாள் மூக்கனின் தலை. அந்தப் பறவையைத் தெரியாமல் கொன்றாலும் மரண தண்டனை என்று பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு புகழ் பெற்ற பறவை எது என்பதில் ஐரோப்பிய அறிஞர்களுக்கே 18ஆம் நூற்றாண்டில் தடுமாற்றம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், அரிவாள் மூக்கனைக் குறிக்கும் 'ஐபிஸ்' என்ற பெயரை ஒரு நாரைக்கு வைத்துவிட்டார். வேடந்தாங்கலுக்கு வரும் மஞ்சள் மூக்கு நாரைக்கு அது ஆப்பிரிக்கச் சொந்தம். இன்றைக்கும் அதன் அறிவியல் பெயர் மிக்டீரியா ஐபிஸ்.

வழக்கைத் தீர்த்தது பதப்படுத்திய உடல்கள். எகிப்தில் சக்காராவிலும் துனா எல் கெபெலிலும் நிலத்தடி அறைகளில் சாடி சாடியாக, இலட்சக்கணக்கில் காணிக்கைப் பறவைகள். நெப்போலியனின் படையெடுப்போடு போன அறிஞர்கள் சிலவற்றைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே துணியைப் பிரித்து எலும்பை அளந்தார். நாரை இல்லை, வெள்ளை உடலும் கறுத்த தலையும் உள்ள அரிவாள் மூக்கன்தான், யாழ்வாசி பார்ப்பதற்கு நெருங்கிய உறவு. இத்தனை ஆயிரம் ஆண்டில் எலும்பு மாறவே இல்லை, ஆகவே உயிரினங்கள் மாறுவதில்லை என்று அவர் ஒரு படி மேலே போனார். மாற்றம் தெரிய அந்தக் காலம் போதாது என்றார், உயிரினங்கள் மாறும் என்று வாதிட்ட லாமார்க். வேடிக்கை என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் அந்தப் பறவை இல்லாமல் போய்விட்டது. உடல்கள் மட்டும் கிடக்கின்றன.

ஏட்டுச்சுவடி எழுதியது:

என் பக்கம் பேசியதற்கு நன்றி. அங்கே அளப்பதற்கு எலும்பு இருந்தது. இங்கே இருப்பது நாலு அடைமொழி. ஓலையை அளந்து பறவையைக் கண்டுபிடிக்க முடியாது.

குளத்தங்கரை எழுதியது:

லின்னேயஸ் தவறியது எலும்பு இல்லாததால் மட்டுமா? எகிப்தியர் சுவரில் தீட்டிய வளைந்த அலகையும் கறுத்த தலையையும் பார்த்திருந்தால் நாரையிடம் போயிருக்கவே மாட்டார். நம்மிடம் அந்தச் சித்திரம் சொல்லில் இருக்கிறது. செந்தலை, வளைந்த வாய், பனை, வயிர் என்னும் ஊதுகொம்பு போன்ற குரல். நான்கும் சேர்ந்து பொருந்தும் வேறொரு பறவையைச் சொல்லுங்கள், நான் விலகிக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வேறு பறவை என்னிடம் இல்லை. தலை, வாய், பனை மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். குரலையும் பனங்காட்டான் சாட்சி சொன்னால் ஏற்கிறேன். ஆனால் பாட்டில் அது நள்ளென் யாமத்தில், வாடைக் காற்றுக்கு நடுவே நரல்கிறது. உங்கள் பறவை பகலில் மேய்ந்து பொழுது சாய்ந்தால் அடைந்துவிடும். நடுச்சாமத்தில் அதற்கு என்ன வேலை?

பனங்காட்டான் எழுதியது:

குரலுக்குச் சாட்சி நான். மூக்கால் அலறுவது போலிருக்கும், பழகாதவர் திடுக்கிடுவார்கள். சாமத்தில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். டார்ச்சு அடித்தேன். பனையில் பாதி உயரத்தில் மரநாய் ஏறிக்கொண்டிருந்தது, அதன் கண் மின்னியது. மேலே இரண்டும் கத்து கத்து என்று கத்தின.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பாட்டில் மரநாய் இல்லையே ஐயா.

பனங்காட்டான் எழுதியது:

காதலன் வராமல் வாடையில் விழித்துக் கிடந்தவள் டார்ச்சா அடித்துப் பார்த்தாள்?